பட்டியலை யார் போடுகிறார்கள்?

கேள்வி: பெங்களூரில் ஒரு வேளாண் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது அல்சூர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த வருடம் முதலாமாண்டு மாணவர்கள் 20 பேருக்கு என்னை அட்வைசராகப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேரை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

ஒருவன் கோலார் தங்கவயல் பையன். தமிழ்க் குடும்பம், பட்டியல் சாதி, வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். மெஸ்ஸுக்கு வருவதில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆனால் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் போய்விடுகிறான். போன மாதம் வயல் செய்முறை வகுப்பில் அவன் மண்வெட்டியை எடுத்தபோது இன்னொரு மாணவன் "நினகெ அப்யாச இதெயல்லா", உனக்குப் பழக்கம்தானே, என்றிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இப்போது படிப்பையே விட்டுவிடுகிறேன் என்கிறான்.

இரண்டாவது, பி.ஆர். மலையிலிருந்து வந்த சோலிகர் பழங்குடிப் பெண். வகுப்பில் வாயே திறப்பதில்லை. மூன்றாவது, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பெண். சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது என்பதால் இங்கே அவளுக்கு ஒரு சலுகையும் இல்லை.

இவர்களுக்குத் தனி வகுப்பு எடுக்கலாமா? தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் மற்றவர்கள் முன்னால் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடுமா? நான் அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவள் இல்லை. பரிதாபப்படுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயக்கமாகவும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள அல்சூர் வாசகிக்கு,

மெஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம், ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். வேளாண் விரிவாக்கத் துறையில் முப்பது வருடம் பாடம் நடத்தினேன். அதில் பாதிக்கு மேல் அட்வைசர் வேலையும் கூடவே இருந்தது. ஒரு பையன் மெஸ்ஸுக்கு வரவில்லை என்றால் கூச்சம், ஊர் ஞாபகம், சாதி என்று பெரிய காரணங்களாகவே நமக்குத் தோன்றும். அதற்கெல்லாம் முன்னால் ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். மெஸ் பாக்கிக்காரர்கள் பட்டியல் என்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். அவன் பெயர் அதில் இருக்கிறதா?

இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மெஸ் பில் மாதாமாதம் வரும். உதவித்தொகை அப்படி வராது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாணவர் போர்ட்டலில் விண்ணப்பிக்க வேண்டும், கல்லூரி சரிபார்க்க வேண்டும், துறை அனுமதிக்க வேண்டும், அப்புறம் பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நின்றாலும் மார்ச் மாதம் வரை ஒன்றும் வராது. அதற்குள் ஆறு மாத மெஸ் பில் ஏறியிருக்கும். பெயர் போர்டுக்கு வந்துவிடும். பெயர் போர்டில் இருக்கும்போது தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க யாருக்கு மனசு வரும்? பையன் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் பன்னும் டீயுமாக ஓட்டுவான். சாயந்திரப் பசியோடு உயிர்வேதியியல் எங்கே ஏறும்?

ஆகவே அவனிடம் "ஏன் சோர்ந்திருக்கிறாய்?" என்று கேட்க வேண்டாம். "ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, போனில் காட்டு" என்று கேளுங்கள். கல்லூரி சரிபார்ப்பிலேயே நின்றிருந்தால் நம் அலுவலகத்தில் யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தவில்லை என்று அர்த்தம். நீங்களே போய் நின்றால் அரை மணி நேர வேலை. அனுமதியாகியும் பணம் வரவில்லை என்றால் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மாணவர் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு ஒன்றாக இருக்கும். ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்கு வேறாக இருக்கும். பள்ளியில் படிக்கும்போது திறந்து மறந்துபோன ஜீரோ பேலன்ஸ் கணக்கில் பணம் போய் உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் அந்தக் கணக்கு முடங்கிப் பணம் திரும்பிப் போயிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே படிப்பை விட்டுப் போகும் நிலைக்கு வந்த மூன்று பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அடுத்து, வார்டனுக்கும் டீனுக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இரண்டே கோரிக்கை. பாக்கிப் பட்டியலை போர்டில் ஒட்ட வேண்டாம், அவரவர் கையில் சீட்டாகக் கொடுங்கள். உதவித்தொகை அனுமதியாகிப் பணம் வராதவர்களை பாக்கிதாரர் என்று எழுதி ஹால் டிக்கெட்டை நிறுத்த வேண்டாம். கடிதத்தில் எந்த மாணவரின் பெயரும் வேண்டாம். எல்லோருக்குமான ஒழுங்காகக் கேளுங்கள். உங்கள் "காட்டிக்கொடுத்தது போல ஆகுமா" என்ற கேள்விக்கு என் பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

சாப்பாட்டு இடத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் ஞாபகம் வருபவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அமெரிக்காவில் அடிமைத்தனத்தில் பிறந்தவர். கன்சாஸில் ஒரு கல்லூரி அஞ்சலில் இடம் கொடுத்துவிட்டு, நேரில் வந்து நின்றதும் கறுப்பர் என்று திருப்பி அனுப்பியது. 1891-இல் அயோவா வேளாண் கல்லூரிக்கு அதன் முதல் கறுப்பின மாணவராகப் போனார். அங்கேயும் மற்ற மாணவர்களோடு சாப்பிட விடவில்லை. கீழே அடித்தளத்தில் வேலையாட்களோடு சாப்பிட வேண்டியிருந்தது. பழைய ஊரில் அவருக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்கார அம்மா விஷயம் கேள்விப்பட்டு ரயிலேறி வந்தார். நன்றாக உடுத்திக்கொண்டு, நாள் முழுக்க அவரோடு வளாகத்தில் நடந்தார், அதே அடித்தளத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதன் பிறகு நிலைமை இளகியது. கார்வர் 1894-இல் பட்டமும் 1896-இல் முதுநிலைப் பட்டமும் வாங்கினார். அந்த அம்மா உபதேசம் ஒன்றும் செய்யவில்லை பாருங்கள். போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். நீங்களும் வாரத்தில் ஒருநாள் மெஸ்ஸில் உங்கள் இருபது பேரோடு சாப்பிடலாம். ஆசிரியர் மேஜையில் வேண்டாம், பையன்கள் பெஞ்சில்.

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு வருவோம். வீட்டு ஏக்கம் என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கலாம். சனி, ஞாயிறு என்ன செய்கிறான் என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். என்னிடம் ஒரு மாணவன் இருந்தான், முகூர்த்த நாட்களில் மட்டும் காணாமல் போவான். நாலு மாதம் திட்டிய பிறகுதான் தெரிந்தது, கேட்டரிங்கில் பரிமாறப் போகிறான் என்று. ஒரு முகூர்த்தக் கூலியில் அவனுடைய பூச்சிப் பெட்டி வந்தது. வேளாண் கல்லூரியில் படிக்காதவர்களுக்கு இது புரியாது. பூச்சியியல் பாடத்துக்கு நூறு பூச்சி பிடித்து, குத்தி, பெயர் எழுதி, கண்ணாடி மூடிய மரப் பெட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டும். பெட்டி, ஊசி, வலை எல்லாம் காசு. காசிருக்கிற பிள்ளைகள் சீனியரிடம் பெட்டியையே பூச்சியோடு விலைக்கு வாங்கிவிடுவார்கள், ஆசிரியர்களுக்கும் தெரியும். காசில்லாதவன் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தால் நீட்டாக இல்லை என்று ஐந்து மதிப்பெண் போகும். துறையிலேயே பத்துப் பெட்டி வாங்கி வைத்து எல்லோருக்கும் சுற்றுக்கு விடலாம். ரெக்கார்டு நோட்டு, லேப் கோட், படிப்புச் சுற்றுலா முன்பணம் எல்லாம் இதே கதைதான், நீட்டி முழக்கவில்லை.

சிறப்பு வகுப்பு எடுக்கத்தான் வேண்டும். ஆனால் சனிக்கிழமை வைக்காதீர்கள், யாருக்காக வைக்கிறீர்களோ அவன் ரயிலில் இருப்பான். செவ்வாய், வியாழன் சாயந்திரம் ஐந்து மணிக்கு வையுங்கள். "பலவீனமான மாணவர்களுக்கு" என்று போடாமல் பாடத்தின் பெயரைப் போட்டு அறிவியுங்கள், வருகிறவர்கள் வரட்டும். முதல் வாரத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகளே அதிகம் வருவார்கள். இருக்கட்டும், அந்தக் கூட்டம்தான் மற்றவனுக்கு மறைப்பு. பழைய கேள்வித்தாள்களை நீங்களே நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். சீனியர் அறையில் பழக்கமுள்ளவனுக்கு அவை தானாகக் கிடைத்துவிடும். அந்த அறைக் கதவைத் தட்டத் தயங்குகிறவனுக்குக் கிடைக்காது. முதல் செமஸ்டர் அரியரில் பாதி அங்கேதான் விழுகிறது.

இப்போது மண்வெட்டி.

அந்தப் பையன் கோலார் தங்கவயல் என்கிறீர்கள். அவன் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ வட ஆற்காட்டிலிருந்தோ சித்தூர்ப் பக்கத்திலிருந்தோ சுரங்க வேலைக்குப் போயிருப்பார். பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்த ஜனங்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு ரயிலேறினார்கள். அவன் வீட்டில் இரண்டு, மூன்று தலைமுறையாக யாரும் வயலில் இறங்கியிருக்க மாட்டார்கள். "உனக்குப் பழக்கம்தானே" என்றவனுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள அவனுக்கு அவசியமும் இல்லை, ஏனென்றால் அவன் பேசியது விவசாயத்தைப் பற்றியே இல்லை.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அந்தக் குழுவில் நோட்டுப் புத்தகம் யார் கையில் இருந்தது? முப்பது வருடம் வயல் வகுப்புகளைப் பார்த்ததில் சொல்கிறேன், ஐந்து பேரைச் சேர்த்து ஒரு குழு என்று விட்டுவிட்டால் பத்தே நிமிடத்தில் வேலை பிரிந்துவிடும். ஒருவன் அளவு நாடா பிடிப்பான், ஒருத்தி நோட்டில் குறிப்பாள், ஒருவன் மேற்பார்வை, ஒருவன் நிழலில். மண்வெட்டி போய்ச் சேர வேண்டிய கைக்குத் தானாகப் போய்ச் சேரும். யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள். செமஸ்டர் முடிவில் ராகிப் பாத்தி எல்லோருடையதும் ஒன்றாக வளர்ந்திருக்கும், வைவா கேள்விக்கு நோட்டுப் பிடித்தவன்தான் பதில் சொல்லுவான்.

இதைப் பேசித் தீர்க்க முடியாது, பட்டியல் போட்டுத்தான் தீர்க்க முடியும். செமஸ்டர் ஆரம்பத்திலேயே குழுக்களை நீங்கள் பிரியுங்கள், அவர்களாகச் சேர விடாதீர்கள். வாராவாரம் யார் தோண்டுவது, யார் அளப்பது, யார் எழுதுவது, யார் கடைசியில் விளக்கிச் சொல்வது என்று சுழற்சி எழுதி ஒட்டுங்கள். மேற்பார்வை என்று ஒரு வேலையே கிடையாது. அந்த வேடிக்கைக்காரப் பையனும் மூன்றாவது வாரம் மண்வெட்டி பிடிப்பான், கையில் கொப்புளம் வரும். நான் இதைத் தண்டனையாகச் சொல்லவில்லை. வேளாண் பட்டம் வாங்குகிறவனுக்கு ஒரு சென்ட் நிலத்தைக் கொத்த எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், அதையும் தள்ளிப்போட வேண்டாம். "விளையாட்டுக்குச் சொன்னேன் மேடம்" என்பான். சொன்ன வார்த்தை இன்னது, கேட்டவன் இன்ன ஊர்க்காரன், நீ நினைத்தது இன்னது என்று மூன்றையும் அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். அதில் அவமானப்படப் போவது மறுபடியும் தங்கவயல் பையன்தான். ஆனால் இது திரும்ப நடந்தாலோ, சாதிப் பெயரே வந்தாலோ, அமுக்கிவிட முயலாதீர்கள். 2016-இல் யு.ஜி.சி. ராகிங் விதிகளைத் திருத்தியபோது சாதி, மொழி, ஊர், பொருளாதார நிலை இவற்றை வைத்துக் கேலி செய்வதும் ஒதுக்குவதும் ராகிங்தான் என்று சேர்த்துவிட்டது. உதவி எண் 1800-180-5522. அதற்கு மேல் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவையெல்லாம் இருக்கின்றன என்று தங்கவயல் பையனுக்குச் சொல்வது உங்கள் கடமை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவன் முடிவு. "கல்லூரிப் பெயர் கெட்டுவிடும், யோசி" என்று யாராவது அவனிடம் பேச வந்தால் நடுவில் நீங்கள் நிற்க வேண்டும். விட்டுவிடுகிறேன் என்பவன் படிப்பை மட்டும்தான் சொல்கிறானா என்பதையும் ஜாக்கிரதையாகக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்கே 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலும் பேசுவார்கள்.

நிலம் பற்றி ஒரு வார்த்தை. வேளாண் கல்லூரியில் முதல் நாள் அறிமுகத்தில் "உங்கள் வீட்டில் எத்தனை ஏக்கர், என்ன பயிர்?" என்று கேட்கும் வழக்கம் உண்டு. நானே பத்து வருடம் கேட்டிருக்கிறேன். பேச்சை ஆரம்பிக்க வசதியான கேள்வி என்று நினைத்தேன். 2011 கணக்கெடுப்புப்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையில் இருந்த சாகுபடி நிலம் 9 சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் கேள்வி ஒரு பிள்ளைக்குப் பேச வாய்ப்பு, இன்னொரு பிள்ளைக்கு எல்லோர் முன்னாலும் பூஜ்யம் சொல்லும் நேரம். நம் பாடப் புத்தகத்தில் விவசாயி என்றாலே நிலச் சொந்தக்காரர்தான். கூலியாள் செலவுப் பக்கத்தில் ஒரு வரி. 1918-இல் அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். துண்டு நிலங்களை ஒட்டவைப்பதால் மட்டும் தீராது, நிலத்தில் தேங்கி நிற்கும் உழைப்பைத் தொழில்துறை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். ஏப்ரல் 14 அன்று மாலை போடுவதோடு நிறுத்தாமல், வேளாண் பொருளாதார வகுப்பில் அதை ஒரு பாடமாக வையுங்களேன். ஒத்துக்கொள்கிறவர்களும் மறுக்கிறவர்களும் மோதட்டும். அவர் அங்கே பொருளாதார அறிஞராக வருவார்.

சோலிகர் பெண் வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். அவளிடம் இதுவரை யார் என்ன கேட்டிருக்கிறார்கள்? அடுத்த லீவில் வரும்போது காட்டுக் கிழங்கு கொண்டு வா, தேன் கொண்டு வா, இந்தச் செடிக்கு உங்கள் பேச்சில் என்ன பெயர் என்றுதான் இருக்கும். இதை மரியாதை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவளுக்கு அது வேலைக்காரியிடம் கேட்பது போலக்கூடப் படலாம். பி.ஆர். மலையில் உண்ணிச்செடி காட்டையே மூடிக்கொண்டு வருகிறது. முன்பெல்லாம் அவர்கள் பருவத்தில் வைக்கும் சருகுத் தீ, தரகு பெங்கி என்பார்கள், அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடியும் நெல்லி மரத்தில் புல்லுருவியும் பெருகின என்பது சோலிகர்களின் கருத்து. ஆராய்ச்சியாளர்களும் அதை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். களை மேலாண்மைப் பாடத்தில் உண்ணிச்செடி வரும் அல்லவா? செமினார் தலைப்பு ஒதுக்கும்போது விருப்பமிருந்தால் எடுத்துக்கொள் என்று இதை மற்ற தலைப்புகளோடு சேர்த்து வையுங்கள். அவள் எடுத்தால் அது அவள் பெயரில் வரட்டும். எடுக்காமல் திசு வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்றால் இன்னும் நல்லது, காட்டைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று அவளுக்கு என்ன கட்டாயம்?

மூன்றாவது பெண் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் சிக்கல். இதைப் பல தமிழ்க் குடும்பங்கள் தவறாகப் புரிந்துகொண்டு பணமும் நேரமும் விட்டிருக்கின்றன. ஆதி திராவிடர், பறையர் என்ற பெயர்கள் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கின்றன. அதனால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் இங்கே கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கிடைக்காது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பத்தின் நிரந்தர ஊர் எந்த மாநிலத்தில் இருந்ததோ அந்த மாநிலத்தின் பட்டியல்தான் செல்லும். 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்துவிட்டது. தங்கவயல் பையனின் குடும்பம் 1950-க்கு முன்பே மைசூர் மாநிலத்தில் இருந்ததால் அவனுக்குக் கர்நாடகச் சான்றிதழ். இவள் குடும்பம் பிறகு வந்ததால் தமிழ்நாட்டுச் சான்றிதழ். ஒரே சாதி, ஒரே மொழி, ஒரே வகுப்பு பெஞ்சு, இரண்டு கணக்கு.

அதற்காக அவள் கையில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அவள் கேட்க வேண்டியது தமிழ்நாட்டை. சொந்த ஊர் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஆதிதிராவிடர் நலத்துறையிலும் ஒருமுறை நேரில் விசாரிக்கட்டும். நீங்கள் படிப்புச் சான்றிதழும் கட்டண விவரமும் கல்லூரி முத்திரையோடு கொடுத்தனுப்புங்கள். இருப்பிடத்தைப் பற்றிக் கேள்வி வரும், ஊரில் ரேஷன் கார்டு, தாத்தா வீடு என்று எது இருந்தாலும் எடுத்துப் போகட்டும். அப்புறம், மத்திய அரசின் இட ஒதுக்கீட்டில் அந்தத் தமிழ்நாட்டுச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். முதுநிலைக்கு ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்கள், பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலை எல்லாம் இதில் வரும். முதல் வருடத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். நாலாவது வருடத்தில் தெரிந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி, தயக்கம் பற்றி. என் கதை ஒன்றைச் சொல்கிறேன், சொல்லப் பெருமையான கதை இல்லை. ராவே என்ற கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் நாலாம் வருடப் பிள்ளைகளை ஒரு கிராமத்தில் தங்க வைத்தேன். ஊரில் மூன்று வீடு பேசியிருந்தோம். ஒரு வீட்டு அம்மா மாணவிகளை வாசலில் நிறுத்தி "யாவ ஜன நீவு?" என்று கேட்டார். நீங்கள் என்ன ஜனம் என்று. ஒரு பெண் மட்டும் பதில் சொல்லாமல் நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. சண்டை வேண்டாம், அந்தப் பெண்ணுக்கும் மனக்கஷ்டம் வேண்டாம் என்று அவளைப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் இருந்த அறைக்கு மாற்றினேன். துணைக்கு இன்னொருத்தியையும் போட்டேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன். அந்த ஊரில் அத்தனை வாரமும் ஊர்க்காரர்களுக்கு அவள் யார் என்று தெரிந்திருந்தது, தெரிவித்தது நான். வருடங்கள் கழித்து ஒரு கிருஷி மேளாவில் பார்த்தாள், நல்ல வேலையில் இருந்தாள். "மேடம், நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். வேறென்ன செய்திருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கேட்டிருக்க வேண்டும், அந்த வீட்டை மொத்தமாக விட்டிருக்க வேண்டும், எல்லோரையும் பஞ்சாயத்து அறைக்கே கூட்டிப் போயிருக்க வேண்டும். அடுத்த வருடத்திலிருந்து அப்படித்தான் செய்தேன். ஒருவரைக் கேள்வி கேட்கிற வீடு பட்டியலில் யாருக்கும் கிடையாது.

நீங்கள் அந்தச் சமூகம் இல்லை என்பதைப் பற்றி அவர்கள் பெரிதாக யோசிக்க மாட்டார்கள். உங்கள் மனநிலை அவர்களுக்கு வேண்டியதில்லை, உங்கள் கையெழுத்து தேதிக்குள் வேண்டும். வகுப்பில் "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் ஸ்டூடண்ட்ஸ் எழுந்து நில்லுங்கள்" என்று எந்த கிளார்க்காவது வந்து நின்றால் அனுப்பிவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே 2ஏ, 3பி, ஜி.எம். என்று இட ஒதுக்கீட்டுப் பிரிவு எழுதியிருந்தால் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்லுங்கள், பாடம் நடத்துகிறவருக்கு அது எதற்கு? தங்கவயல் பையனும் சோலிகர் பெண்ணும் ஒரு பட்டியலில் பேர் இருந்ததால் கல்லூரிக்குள் வந்தார்கள், அது அவர்கள் உரிமை. உள்ளே வந்த பிறகு நாம் போடுகிற பட்டியல்கள்தான் அவர்களைத் துரத்துகின்றன.

உங்களைப் போன்ற இன்னும் இரண்டு ஆசிரியர்கள், இரண்டாம், மூன்றாம் வருடத்தில் தாக்குப்பிடித்துப் படிக்கும் நாலு சீனியர்கள், இவர்களையும் தேடிப் பிடியுங்கள். அமெரிக்க வேளாண் கல்லூரிகளில் சிறுபான்மை மாணவர்கள் 1980-களில் தங்களுக்கென்று மான்ர்ஸ் என்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள். அதில் வருடம் தாண்டிய பழக்கம்தான் பெரிய பலம். முதல் வருடம் மூன்றாம் வருடத்தைப் பார்க்கிறது, மூன்றாம் வருடம் வேலைக்குப் போனவரைப் பார்க்கிறது. அந்த நாட்டு மாதிரி நமக்குப் புதிதும் இல்லை. 1964-இல் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் வந்தபோது தோள் கொடுத்தது டென்னசி பல்கலைக்கழகம். அங்கேயே இளநிலை வகுப்பில் கறுப்பின மாணவர்கள் முதன்முதலாக உட்கார்ந்தது 1961-இல்தான். நமக்கு மாதிரி கொடுத்தவர்களுக்கும் அது அப்போது மூன்று வருடப் பழக்கம். உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு வட்டத்தை நீங்களே தொடங்க வேண்டாம். ஒரு அறையும் வாரத்தில் ஒரு மணி நேரமும் பிடித்துக் கொடுங்கள், பெயர் வைப்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவு செய்வார்கள்.

தங்கவயல் பையனிடம் கேட்க ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வேளாண் படிப்பை ஏன் எடுத்தான்? சீட்டு கிடைத்தது, எடுத்தேன் என்றும் சொல்லலாம், அதுவும் சரியான பதில்தான். ஆனால் அந்த ஊரில் சுரங்கக் கழிவு மலை மலையாகக் கிடக்கிறது, சயனைடு மேடு என்பார்கள். வெயில் காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மண்ணியல் வேறு மாதிரிப் புரிய வாய்ப்பிருக்கிறது. அவனாகச் சொன்னால் காது கொடுங்கள், நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இவையெல்லாம் அடுத்த செமஸ்டருக்குள் செய்ய வேண்டியவை. மெஸ் விஷயம் அதுவரை தாங்காது. பாக்கிப் பட்டியல் பெரும்பாலும் மாதத்தின் முதல் வாரத்தில் போர்டுக்கு வரும். அதற்கு முன்னால் ஒரு காலை நேரத்தில் வார்டன் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள், கடிதத்தை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு. ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.